காக்கப்படும் குடும்பமும் பழிசுமக்கும் அந்நியனும்: மர்ம நாவலின் அறநோக்குப் பற்றி வவுணதீவிலிருந்து சில குறிப்புகள்

மர்ம நாவலைப் பற்றிய நமது விமர்சனம் நெடுங்காலமாக ஒரே தீர்ப்போடு நின்றுவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் காலந்தொட்டுத் தமிழ்வாணன், ராஜேஷ்குமார் வரை தொடரும் இவ்வகை எழுத்தைச் சந்தைச் சரக்கு எனக் கூறி ஒதுக்கிவிட்டோம். அதற்கு முற்போக்கு விமர்சகர்கள் காட்டிய நியாயங்கள் பெரும்பாலும் சரியானவையே. ஆயினும் ஓர் இலக்கிய வகையை ஒதுக்குவது வேறு. அது வாசகரின் அறவுணர்வில் எவ்வாறு தொழிற்படுகிறது என ஆராய்வது வேறு. இரண்டாவது பணியை நாம் போதியளவு செய்யவில்லை. குடும்பத்தைக் காக்கக் குற்றத்தை மறைக்கும் மனிதரைப் பற்றிய கதைகள் பல மொழிகளில் இன்று பெருவரவேற்புப் பெறுவதால் அப்பணி அவசரமானதாகிறது.

இவ்வகைக் கதைகளுள் தமிழர் நன்கறிந்தது ‘பாபநாசம்’ (2015) என்னும் திரைப்படமாகும். மலையாளத்தில் 2013இல் வெளிவந்த ஜீத்து ஜோசப்பின் ‘திருஷ்யம்’ அதன் மூலம். அதே கதை 2017இல் ‘தர்மயுத்தய’ என்ற பெயரில் சிங்களத்திலும் படமானது. ஒரே நாட்டில் இரு மொழியினரும் ஒரே தந்தையின் பொய்க்காக மூச்சடக்கிக் காத்திருந்தனர் என்பது சமூகவியல் நோக்கிற் சிந்திக்கத்தக்கது. அதிகாரத்தின் முன் எளியவன் பெறும் வெற்றி இருசாராருக்கும் உவப்பாயிருந்தது.

ஆனால் அக்கதையின் அமைப்பை உற்று நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். இறப்பவன் பெண்ணை அச்சுறுத்தியவன். அவனது தாய் உயர் பொலிஸ் அதிகாரி. விசாரணையில் வன்முறையாளராகக் காட்டப்படுவோரும் பொலிசாரே. பார்வையாளரின் அனுதாபம் எப்பக்கஞ் சாரவேண்டும் என்பது தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. குடும்பத்தைக் காத்ததன் விலையைக் குற்றமற்ற வேறொருவர் செலுத்தவேண்டியதில்லை. எனவே அங்கு அறத்தேர்வு உண்மையில் நிகழவில்லை. தேர்வின் சுமையைக் கதையமைப்பே இறக்கிவைத்துவிடுகிறது.

இதற்கு மாறான திசையிற் செல்வது யப்பானிய எழுத்தாளர் ஹிகாஷினோ கெய்கோவின் ‘சந்தேகநபர் எக்ஸின் அர்ப்பணிப்பு’ என்னும் நாவல். 2005இல் நூலுருப் பெற்று, அந்நாட்டின் நவோக்கிப் பரிசையும் பெற்றது. ‘திருஷ்யம்’ இதன் சாயலுடையது என்றொரு சர்ச்சை எழுந்ததும், இயக்குநர் அதனை மறுத்ததும் பலரறிந்தவை. நமக்கு முக்கியமானது இரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாடேயாகும்.

உணவுக்கடையொன்றிற் பணிபுரியும் யசுக்கோவும் அவளது மகளும், வீடு தேடிவந்து தொல்லைதரும் முன்னாட் கணவனைக் கைகலப்பிற் கொன்றுவிடுகின்றனர். அயல்வீட்டுக் கணித ஆசிரியரான இஷிகாமி அவர்களைக் காக்க முற்படுகின்றார். கொலைகாரர் யாரென்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், ‘அவர்கள் எவ்வாறு தப்புவர்?’ என்பதே வாசகரை ஈர்க்கும் வினாவாகிறது. நாமும் அவர்கள் தப்பவேண்டுமென விரும்பத் தொடங்குகின்றோம். முடிவைச் சொல்லாமல் இந்நாவலை விமர்சித்தல் இயலாது. இஷிகாமி மறுநாள் இன்னொரு கொலை செய்கின்றார். ஆற்றங்கரையில் வீடின்றி வாழ்ந்த ஒருவரைக் கொன்று, அவ்வுடலை முன்னாட் கணவனுடையதெனப் பொலிசார் நம்புமாறு செய்கின்றார். அம்மனிதருக்குக் கதையிற் பெயரில்லை. ‘பொறியியலாளர்’ என்ற பட்டப்பெயர் மட்டுமே உண்டு. அவர் காணாமற்போனதை எவரும் முறையிடவில்லை. தேடுவாரற்றவர் என்பதாலேயே அவர் தெரிந்தெடுக்கப்படுகின்றார்.

இந்நாவலின் சிறப்பு இவ்விடத்திலேயே உள்ளது. காக்கப்பட்ட குடும்பத்தின் விலை யாது என்பதே அதன் இறுதி மர்மம். இதுவரை மறைப்பை ஆதரித்துவந்த வாசகர், தாமும் ஒரு கொலைக்கு உடன்பட்டிருந்ததை உணரநேர்கிறது. உருவமே உள்ளடக்கத்தின் குற்றச்சாட்டாக மாறும் அரிய தருணம் அது. ஆயினும் நாவல் அதில் நிலைத்து நிற்கவில்லை. இறுதிக் கண்ணீர் இஷிகாமியின் தியாகத்துக்காகவே சிந்தப்படுகிறது. வீடற்ற மனிதருக்காக எவரும் அழவில்லை. நாவல் கண்டறிந்த உண்மையை அதன் உணர்ச்சி மறந்துவிடுகிறது என்பதே நமது கருத்து.

இக்கதைகளை வவுணதீவிலிருந்து வாசிக்கும்போது இக்குறை மேலும் தெளிவாகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, வலையிறவுப் பாலத்தைக் கடந்ததும் தொடங்கும் படுவான்கரைப் பிரதேசம் இது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் இராணுவக் கட்டுப்பாட்டுக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்கும் எல்லையாயிருந்த இடம். குடும்பத்தைக் காத்தல் என்பது இங்குக் கற்பனைப் பொருளன்று. குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என ஆட்சேர்ப்பு நடைபெற்ற காலத்தில், மட்டக்களப்புப் பெற்றோர் பலர் பிள்ளைகளை உறவினர் வீடுகளில் ஒளித்தனர். பருவம் முதிராமுன் மணமுடித்துவைத்தனர். மனித உரிமை அறிக்கைகள் இவற்றைப் பதிவுசெய்துள்ளன. ஒரு பிள்ளையை மறைத்தால் மற்றப் பிள்ளைக்கு நேர்வது யாது, ஒரு வீடு தப்பினால் அடுத்த வீட்டுக்கு நேர்வது யாது என்ற வினாக்களோடு அத்தாய்மார் வாழ்ந்தனர். வீடும் வளவும் பெண்வழி இறங்கும் குடிமுறை நிலவும் இம்மண்ணில், காப்பாளன் தந்தையே என்ற திரைப்படக் கற்பிதமும் பொருந்துவதாயில்லை. இத்தகைய வீடுகளில் அறத்தேர்வு தந்திரத்தின் வெற்றியாக முடிவதில்லை. தீராத கடனாக எஞ்சுகிறது.

இன்னொரு நிகழ்வும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 2018 நவம்பர் 30ஆம் நாள் அதிகாலை, வவுணதீவுக் காவலரணிற் கடமையிலிருந்த இரு பொலிசார் கொல்லப்பட்டனர். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். மாவீரர் நாளை அடுத்து நிகழ்ந்தமையால் சந்தேகம் முன்னாட் போராளிகள்மேற் சென்றது. அவர்களுள் ஒருவர் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் நடந்த விசாரணைகளிலேயே, அக்கொலைகள் சஹ்ரான் ஹாசிமின் குழுவினரால் செய்யப்பட்டவை என்பது வெளிப்பட்டது. மே மாதத்தில் அவர் விடுதலையானார். சரியான விடை உரிய நேரத்திற் கிடைத்திருப்பின் பேரழிவைத் தடுத்திருக்கலாமே என்ற வினா பின்னர் பலராலும் எழுப்பப்பட்டது.

ஹிகாஷினோவின் நாவலிற் பெயரற்றவர் தெரிந்தெடுக்கப்பட்டதற்கும், வவுணதீவிற் பழைய அடையாளமொன்றைச் சுமந்தவர் தெரிந்தெடுக்கப்பட்டதற்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் பழிக்கு வசதியானவர்கள். ஒருவரைத் தேடுவாரில்லை; மற்றவரை நம்புவாரில்லை. சமூகம் தன் விளிம்பில் யாரை நிறுத்தியிருக்கிறதோ அவர்மீதே பழி இலகுவாக இறங்குகிறது. மர்ம நாவலாசிரியன் வெறும் உத்தியாகக் கையாளும் திசைதிருப்பல், வாழ்வில் ஒரு மனிதரின் சிறைவாசமாகவும் ஒரு குடும்பத்தின் தவிப்பாகவும் உருக்கொள்கிறது.

இப்பொருளைக் கையாளும் மரபு நம்மிடம் இல்லாமலில்லை. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கண்ணகி கோயில்களின் வைகாசிச் சடங்குக் காலத்திற் பாடப்படும், பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’ அத்தகையது. அங்கும் ஒரு பொற்கொல்லன் தன்னைக் காக்க, ஊருக்குப் புதியவனான கோவலன்மேற் பழிசுமத்துகிறான். அரசு விசாரியாது கொல்கிறது. கேட்போர் யாவர்க்கும் முடிவு தெரியும், மறைபொருள் ஏதுமில்லை. எனினும் ஆண்டுதோறும் அவ்வழக்கு மீண்டும் உரைக்கப்படுகிறது. கள்வனெனக் கொல்லப்பட்டவனின் பெயரைத் துலக்குவதே அக்கதையின் உயிர்நாடி. மர்ம நாவல் முடித்துவைக்கும் வழக்கை வழக்குரை மீளத் திறக்கிறது.

ஆதலின் இவ்வகை நாவல்களை மதிப்பிடுவதற்கு நாம் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே. ‘குடும்பம் தப்பியதா?’ என்பதோடு நின்றுவிடும் நாவல் நம்மை மகிழ்விக்கும். நமது சுயநலத்துக்கு அழகிய பெயரையும் சூட்டும். ‘யாருடைய செலவில் தப்பியது?’ எனக் கேட்கும் நாவல் நம்மை அமைதியிழக்கச் செய்யும். அச்செலவைச் செலுத்தியவருக்கு ஒரு பெயரும், ஒரு வீடும், அவருக்காக வழக்குரைக்க ஒருவரையும் தரும் நாவலே இன்று நமக்கு வேண்டியது. அதை எழுதுதற்குரிய அனுபவம் வாவியின் இக்கரையில் நிறையவே உண்டு.