இடம் இருக்கா?

"இடம் இருக்கா?"

செல்போனில் ஆணைத் தேடும் ஆண்களின் பேச்சில், நான் பார்த்தவரை, அதிகம் புழங்கும் வாக்கியம் இதுதான். பேர் கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்கிறேன். ஏனென்றால் நம்முடைய நோய்த் தடுப்புப் பிரச்சாரங்கள் எதுவும் இதுவரை இதை வாசிக்கவில்லை.

நான் ராயகிரி காலனிக்காரன். ஒரே அறை வீடு. அதற்குள்தான் அம்மா, அய்யா, தங்கச்சி, மழை பெய்தால் ஆட்டுக்குட்டியும். எனக்கு ஏது இடம்? 2009இல் அமெரிக்காவில் வந்த கிரைண்டர் போன்ற ஆப்கள், ஆள் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறான் என்று காட்டும். சென்னையில் 400 மீட்டர் என்றால் ஆயிரம் வீடு, யாரென்று தெரியாது. எங்கள் ஊரில் 400 மீட்டர் என்றால் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அப்படியும் தெரியாதவன் நேரே கேட்பான்: "நீங்க என்ன ஆளுக?"

சொன்னதும் சிலர் காணாமல் போவார்கள். சிலர் ராத்திரி பத்து மணிக்கு மேல் தோப்புக்கு வரச் சொல்வார்கள். பகலில் டீக்கடையில் அவர்களுக்கு நம்மைத் தெரியாது.

சில வருசத்துக்கு முன்னால் அப்படிப் போனேன். தோப்பு அவனுடையது. பம்புசெட்டு ரூமும் அதன் சாவியும் அவனுடையது. உறை போடச் சொன்னேன். "ஏல, என்னையவே சந்தேகப்படுதியா? ஒங்க ஆளுகளுக்குத்தாம்ல அதெல்லாம் வரும்" என்றான். அவனுடைய இடத்தில், அவனுடைய சாவியை நம்பி, இருட்டில் தனியாக நிற்பவன் என்ன வாதாடுவான்? நான் வாதாடவில்லை. தொட்டால் தீட்டு என்பவனுக்கு அந்த நேரத்தில் தீட்டு இல்லை. நான் கேட்ட உறைதான் அவனுக்குத் தீட்டாகிப் போனது.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதி அகமணத்தின் மேல் நிற்கிறது என்று காட்டினார். அதை இந்தப் பம்புசெட்டு ரூமில் வைத்து யோசித்துப் பாருங்கள். இந்த உறவில் பிள்ளை பிறக்காது, அகமணத்துக்கு ஆபத்து இல்லை. அதனால்தான் அவன் ராத்திரியில் சுலபமாகச் சாதியைத் தாண்டி வருகிறான், தை மாசம் சொந்தச் சாதியில் தாலி கட்டுகிறான். ஒருபால் உறவு தன்னாலேயே சாதியைக் கரைத்துவிடும் என்று பேசுவோருக்கு இது ஒரு பதில். 2015இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் விருப்பம் என்று அதில் இருந்தது. வேடிக்கைக்கு எழுதியது என்று பின்னால் விளக்கம் வந்தது. இந்த வேடிக்கை எனக்குச் சிரிப்பைத் தரவில்லை.

அடுத்த பிரதி, 2003இல் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் கேட்ட கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? ஊரே பேசியது. நல்லதுதான். ஆனால் புள்ளிராஜா பெண்களிடம் போகிறவன். கையில் காசும் போக இடமும் உள்ளவன். உறை போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவன் அவன். முடிவெடுக்க முடியாத ஆணுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. இலக்கியத்திலும் இதே கதைதான். நம்ம பக்கத்துத் திப்பணம்பட்டிக்காரர் சு. சமுத்திரம் 1990களில் 'வாடாமல்லி' எழுதித் திருநங்கையரின் வாழ்வை வெகுசன வாசகரிடம் கொண்டுபோனார். அது பெரிய காரியம். ஆனால் சாரம் கட்டி, வயல் வேலைக்குப் போய், ஆணை விரும்பும் தலித் ஆண் இன்னும் நம் கதைகளில் சரியாக வரவில்லை.

நாகோவின் 2021 கண்காணிப்புப்படி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் எச்.ஐ.வி. 3.26 சதவீதம். அதே ஆண்டு நாட்டின் வயது வந்தோரிடம் 0.21 சதவீதம் என்று மதிப்பீடு. இந்தக் கணக்கெடுப்பு பெரும்பாலும் தடுப்புத் திட்டங்களில் பதிவானவர்களை வைத்து நடப்பது. போனில் மட்டும் தேடி, தோப்பில் சந்தித்துத் திரும்புகிறவன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்?

அந்த ராத்திரிக்கு மறுநாள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு உண்டு என்று படித்திருந்தேன். சீட்டு எழுதுகிறவர் கேட்டார்: "யாரு மவன்? எந்தத் தெரு?" உள்ளே இருந்தவர் கேட்டார்: "பொம்பளகிட்ட போனியா?" ஆமா என்று பொய் சொல்லிவிட்டு, மருந்து கேட்காமலே திரும்பினேன். மூன்று மாசம் கழித்து, என்னைத் தெரியாத ஊர் ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்தேன். முடிவு என்ன வந்தது என்று இங்கே எழுதமாட்டேன். அதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இன்றைய மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் வழியாக அது அடுத்தவருக்குப் பரவாது. ஆகவே பயப்பட வேண்டியது முடிவுக்கு அல்ல, கேட்கப்படாத பரிசோதனைக்கு.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் தனிமைக்கு ஒரு கதவு வேண்டும், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும்.

"சாதி ஒழிப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் தம்பி?" என்று நம் இயக்கத்து அண்ணன் ஒருவர் கேட்டார். அண்ணே, பஞ்சமி நிலம் கேட்டு நிற்கிறோமே, அதே சம்பந்தம்தான். இடம் எவனுடையதோ, பேச்சும் அவனுடையது. எனக்கென்று ஓர் அறை இருந்திருந்தால், அன்றைக்கு "உறை இல்லைன்னா எந்திரிச்சுப் போ" என்று சொல்லியிருப்பேன்.