முதற் புத்தகமும் உடன் அமர்வோரும்

நாவலுக்குத் திறனாய்வு உண்டு, கவிதைக்கு உண்டு, நாடகத்திற்கும் உண்டு. குழந்தை முதன்முதலாகக் கையில் எடுக்கும் பாட்டு நூலுக்கு மட்டும் அஃது அரிதாகவே வாய்க்கிறது. 'இனிய சந்தம்', 'நல்ல கருத்து' என்னும் இரண்டு பாராட்டுரைகளோடு அந்நூல் பள்ளி அலமாரிக்குச் சென்றுவிடுகிறது. அதனைக் கொண்டு ஒரு பிள்ளை படிக்கக் கற்றதா என்று கேட்பார் இல்லை.

விரைந்து கற்கும் பிள்ளைக்கு எந்த நூலும் நன்றே. நூலின் தரத்தை உள்ளபடி காட்ட வல்லது தடுமாறும் பிள்ளைதான். மூன்றாம் ஆண்டிலும் எழுத்துக் கூட்டியே நிற்கும் அப்பிள்ளையின் பக்கம் இருந்து நோக்கினால், தமிழ்க் குழந்தைப் பாட்டின் நிறையும் குறையும் வேறு வகையாகத் தோன்றும்.

இடறும் இடம்

தமிழ் எழுத்து 247 என்று சொல்லி மலைப்பூட்டுவது வழக்கம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றோடு உயிர்மெய்க் குறிகளையும் அறிந்தால் பெரும்பகுதி கைவந்துவிடும். உகர, ஊகார வரிசைகளே எழுத்துக்கு எழுத்து வடிவு மாறி அலைக்கழிப்பன. ஆகவே, எண்ணிக்கை பெரிய தடை அன்று.

உண்மையான இடறல்கள் இரண்டு. ககரம் 'கல்' என்னும் சொல்லில் ஒருவாறு ஒலிக்கிறது. 'தங்கம்' என்பதில் வேறாக ஒலிக்கிறது. 'அகம்' என்பதில் மேலும் மெலிகிறது. சொல்லை முன்பே கேட்டறிந்த பிள்ளை ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும். கேட்டறியாத பிள்ளை திகைக்கும். இது முதலாவது. வீட்டில் 'வருது' என்று கேட்ட பிள்ளை ஏட்டில் 'வருகிறது' என்று காண்கிறது. எழுத்துகளைச் சரியாகக் கூட்டி முடித்த பின்னரும், கிடைத்த சொல் காது அறியாத சொல்லாக நிற்கிறது. உழைப்புக்குப் பயன் காணாத பிள்ளை மெல்லப் புத்தகத்தை மூடிவிடுகிறது. இது இரண்டாவது.

முதற் புத்தகம் இவ்விரண்டு இடறல்களையும் எவ்வாறு கடக்கச் செய்கிறது என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.

ஔவையும் பாரதியும்

ஔவையின் ஆத்திசூடி பல தலைமுறைகளாகத் தமிழ்ப் பிள்ளையின் முதல் நூலாக இருந்துவந்தது. அதன் பெருஞ்சிறப்பு அடியின் குறுமை. மூச்சு வாங்குமுன் அடி முடிந்துவிடும். தடுமாறும் பிள்ளையும் ஒன்றை முடித்தோம் என்னும் நிறைவு பெறும். ஆயினும் அடிகளின் வரிசையை வகுப்பது நெடுங்கணக்கு, எளிமையன்று. ஙகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லையென்றே சொல்லலாம். அதனால் அவ்விடத்தில் அந்த எழுத்தே உவமையாகிவிடுகிறது. புலமைக்கு அது நயம்; முதல் ஆண்டுப் பிள்ளைக்குப் புதிர். மேலும், அந்நூல் கண்ணால் படிக்கப்படுவதற்கு முன் காதால் கேட்கப்பட்ட நூல். பிள்ளைகள் சேர்ந்து சொல்ல, சொல்லிச் சொல்லிப் பழகிய பின்னரே எழுத்து வந்தது. அக்கேள்வி இல்லாத இடத்தில் அதனை ஏட்டில் மட்டும் கொடுத்தால் பாதி நூலே கொடுத்ததாகும்.

பாரதியார் புதிய ஆத்திசூடியில் கருத்தை மாற்றினார். அகர வரிசையை மாற்றவில்லை. ஆகவே, கற்கும் பிள்ளைக்குரிய இடர்ப்பாடு அங்கும் அப்படியே உள்ளது. அவருடைய பாப்பா பாட்டோ வேறு வகையது. குழந்தையை நேரே அழைத்துப் பேசுகிறது. கோழி, காக்கை, பசு, நாய் எனப் பிள்ளை கண்டறிந்த உயிர்களைச் சொல்கிறது. பிற்பகுதியில் நாடு, மொழி, அறம் என்று உயரும்போது, தடுமாறும் பிள்ளையின் நடை தளர்கிறது. முற்பகுதியைத் தனியே எடுத்து ஒரு பாடமாகவும், பிற்பகுதியை ஓராண்டு கழித்து மற்றொரு பாடமாகவும் கொள்வது பாட்டுக்குச் செய்யும் குறைவு ஆகாது.

கவிமணியின் துணிவு

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியராகப் பணியாற்றியவர். 1938இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' தொகுப்பில் உள்ள குழந்தைப் பாட்டுகளில் அவ்வனுபவம் தெரிகிறது. பசுவையும் கன்றையும் பற்றிய பாட்டில் அவர் 'கிறது' என முடியும் ஏட்டு வினையை விடுத்து, 'உது' என முடியும் வாய்ப்பேச்சு வினையையே ஆள்கிறார். புலவர் சிலர் இதனை எளிமைக்காகச் செய்த விட்டுக்கொடுப்பு எனக் கருதக்கூடும். அஃது அன்று. பிள்ளையின் வாயில் உள்ள சொல்லே ஏட்டிலும் இருக்கக் காண்கிறது பிள்ளை. மேலே சொன்ன இரண்டாம் இடறல் அங்கு நீங்கிவிடுகிறது. ஒரே அமைப்புடைய வாக்கியங்கள் அடுத்தடுத்து வருவதால், முதல் வாக்கியத்தைப் படித்த பிள்ளைக்கு இரண்டாவது பாதி வந்துவிட்டது எனலாம். செம்மையான நடை பின்னர் வரட்டும். எழுத்து பேசும் என்னும் நம்பிக்கை முதலில் வரவேண்டும்.

வள்ளியப்பாவின் அடுக்கு

புதுக்கோட்டைப் பகுதி இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா (1922–1989) 1944இல் 'மலரும் உள்ளம்' தந்தார். 1950இல் தொடங்கப்பெற்ற குழந்தை எழுத்தாளர் சங்கத்திலும் முன்னின்று உழைத்தார். அவர் பாட்டுகளின் வலிமை சொல் மீண்டும் மீண்டும் வருவதில் உள்ளது. 'மாம்பழம்' என்னும் சொல்லில் எழுத்து ஐந்து. முதன்முறை பிள்ளை அதனை ஐந்தாகவே கூட்டுகிறது. அச்சொல்லே அடிதோறும் திரும்பி வரும் பாட்டில், நான்காம் முறை கூட்டுவதில்லை. சொல்லை ஒரே பார்வையில் முழுதாகப் பற்றிக்கொள்கிறது. சரளமான வாசிப்பின் பிறப்பு அதுதான்.

குறையும் ஒன்று உண்டு. அது பாட்டினுடையது அன்று, பாட்டைக் கையாள்வோருடையது. சேலத்தில் விளையும் மாம்பழத்தைப் பினாங்குப் பிள்ளை உண்டதில்லை. பாலிக் பூலாவ் டுரியானை உண்டிருக்கிறது. வள்ளியப்பாவின் முறையைக் கற்றுக்கொண்டு இம்மண்ணின் பொருள்களைப் பாடும் சிறு பாட்டுகள் வேண்டும். அவர் சொற்களை மட்டும் திரும்ப அச்சிடுவது அவர் வழியில் நடப்பது ஆகாது.

பாட்டு மறைக்கும் குறை

இங்கே ஒரு முரண் உள்ளது. தடுமாறும் பிள்ளைக்குப் பெரிதும் உதவும் பாட்டே அதன் தடுமாற்றத்தைப் பெரிதும் மறைக்கவும் செய்கிறது. நாற்பது பேர் சேர்ந்து பாடும் வகுப்பில் எழுத்தறியாத பிள்ளையும் பிழையின்றிப் பாடும். பக்கத்தைப் பார்த்தவாறே நினைவிலிருந்து சொல்லும். விரல் ஓர் அடியில் இருக்கும். வாய் மற்றோர் அடியில் இருக்கும். ஆசிரியர் கரும்பலகையின் அருகில் நின்று கேட்கும்போது காதுக்குக் குறை தெரியாது. ஆண்டு இறுதியில் புதிய பகுதியொன்றைப் படிக்கச் சொல்லும்போதுதான் உண்மை வெளிப்படும்.

விரல் நிற்கும் இடத்தைக் காண்பவர் அருகில் அமர்ந்தவர் ஒருவரே. பாட்டின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேட்கலாம். அடிகளைத் தனித்தனித் துண்டாக நறுக்கிக் கலைத்து அடுக்கச் சொல்லலாம். தெரிந்த சொல் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றிப் படிக்கச் செய்யலாம். அப்போதுதான் மனப்பாடம் வாசிப்பாக மாறும். ஆகவே, குழந்தைப் பாட்டு நூல் ஏட்டோடு முடிந்துவிடும் நூல் அன்று. உடன் அமரும் ஒருவரைச் சேர்த்தே அது முழுமை பெறுகிறது.

சட்டாம்பிள்ளையும் துணைவரும்

பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது தமிழருக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதும், மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோரைப் பயிற்றியதும் பலரும் அறிந்தவை. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்டுரு பெல், மணலெழுத்தை இந்நாட்டுப் பள்ளியில் கண்டு தம் விடுதியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவரைப் பயிற்றுவித்த தம் முறையை 1797இல் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அஃது இங்கிலாந்திலும் பரவியது.

எனினும், அம்முறை பரவியதற்குப் பெருங்காரணம் சிக்கனம். ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் பல நூறு பேருக்குக் கற்பிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. சட்டாம்பிள்ளை ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பவன்; பிழை கண்டால் தண்டிப்பவன். துணைவர் அவ்வாறல்லர். இங்கிலாந்தில் 1970களில் உருவான இணை வாசிப்பு முறை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து உரக்கப் படிக்கின்றனர். பிள்ளை சைகை காட்டினால் பெரியவர் நிறுத்திக்கொள்கிறார். பிள்ளை தனியே படிக்கிறது. இடறினால் சிறிது பொறுத்திருந்து சொல்லைச் சொல்லிக்கொடுத்து, மீண்டும் சேர்ந்து படிக்கிறார். ஏச்சு இல்லை, ஒப்புவிப்பும் இல்லை.

ஊர் கூடிய இடங்கள்

தமிழகத்தில் ஊர் கூடிக் கற்பித்ததற்குச் சான்று அறிவொளி இயக்கம். 1991இல் வள்ளியப்பா பிறந்த அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் மாலை வேளைகளில் முதியோருக்கு எழுத்தறிவித்தனர். அங்குப் பாடம் நெடுங்கணக்கில் தொடங்கவில்லை. கற்போர் வாழ்விலிருந்து எடுத்த சொற்களில் தொடங்கியது. கூடி உழைக்க மக்கள் வந்தபோது, அதற்கேற்ற புத்தகமும் புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கொள்ளைநோயால் பள்ளி மூடியிருந்த காலத்து இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்களைப் பிள்ளைகள் வாழும் தெருவுக்கே அனுப்பியது. சிறு குழு, மாலை நேரம், தெரிந்த முகம் ஆகியவையே அதன் அடிப்படை.

பினாங்கில் செய்யத்தக்கது

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்பெற்று, 2016இல் அதன் இருநூற்றாண்டு கொண்டாடப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது. விடியுமுன் பால் மரத்திற்குச் சென்ற பெற்றோரால் பிள்ளையின் அருகில் அமர இயலவில்லை. வால்டோர், பைராம், கலிடோனியா எனத் தோட்டப் பெயர்கள் இன்றும் செபராங் பிறைப் பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. பால்மரத்திற்குப் பதில் இன்று தொழிற்சாலையின் இரவு முறை வேலை பெற்றோரை வீட்டிலிருந்து பிரிக்கிறது. அருகில் அமர்வோர் இல்லாமை அன்றும் இன்றும் ஒன்றே.

2010இல் மலேசிய அரசு கொணர்ந்த லினுஸ் திட்டம், மூன்றாண்டுத் தொடக்கக் கல்வி முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்றது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் எழுத்தறிவு என அங்கு அளக்கப்பட்டது மலாய் வாசிப்பு. 2013 முதல் ஆங்கில வாசிப்பும் சேர்ந்தது. தமிழில் தடுமாறும் பிள்ளையைக் கண்டறியும் பொறுப்பு தமிழரிடமே எஞ்சி நின்றது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் கட்டடத்திற்கும் கணினிக்கும் திரட்டும் நிதி போற்றத்தக்கது. அதே ஊக்கத்தில் ஒரு பகுதி நேரத்தைத் திரட்டுவதற்கும் செல்ல வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றோடு வாரம் மூன்று நாள் கால்மணி நேரம் அமரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியரும் தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டியும் கோயில் மண்டபத்தில் மாலையில் அமரலாம். குறைநீக்கல் ஆசிரியர் இவர்களுக்கு வழிகாட்டியாக நிற்கலாம். அவர் ஒருவரே சுமக்கும் சுமையாக இதனை விட்டுவைத்தல் தகாது. பாரதியின் பெயர் தாங்கிய பள்ளி குளுகோரில் உள்ளது. அவர் பாட்டை விழா மேடையில் பாடும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனைப் படிக்கவும் வல்லவர் என்பது இத்தகைய பள்ளிகள் அனைத்தும் கேட்கவேண்டிய கேள்வி.

நூல் எழுதுவோர்க்கும் கடமை உண்டு. அடி குறுகியதா? சொல் திரும்பி வருகிறதா? வாய்ப்பேச்சுக்கு அருகில் உள்ளதா? இருவர் மாறி மாறிப் படிக்க இடம் தருகிறதா? மதிப்புரை எழுதுவோர் இந்நான்கையும் ஒரு பிள்ளையை அருகில் இருத்திப் பார்த்து எழுதுக. விரைந்து படிக்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டா. கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையை அழைத்துக்கொள்க.