சேதக் கணக்கில் விடுபட்டது என்ன?

புயலோ வெள்ளமோ வந்து போனதும் 'இத்தனை கோடி ரூபாய் சேதம்' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த எண் எதை அளக்கிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரே வெள்ளத்தில் வசதியுள்ள ஒருவரின் கார் பாழாகிறது. நஷ்டம் 5 லட்சம் ரூபாய். பக்கத்துத் தெருவில் ஒரு தையற்காரரின் குடிசையும் தையல் இயந்திரமும் போகின்றன. நஷ்டம் 50,000 ரூபாய். வழக்கமான கணக்கில் முதல் நஷ்டமே பத்து மடங்கு பெரியது. ஆனால் காருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. தையற்காரருக்கோ அன்றே பிழைப்பு நின்றுவிடுகிறது, கடன் ஏறுகிறது, பிள்ளையின் படிப்பும் நின்றுபோகலாம்.

இந்தக் குறையைச் சரிசெய்ய முயல்கிறது, உலக வங்கி 2016-இல் வெளியிட்ட 'அன்பிரேக்கபிள்' என்னும் அறிக்கை. ஸ்தெஃபான் ஹலகாட் என்பவரும் வேறு மூவரும் 117 நாடுகளை ஆராய்ந்து எழுதியது. சொத்து இழப்போடு நில்லாமல், அதனால் மக்களின் வாழ்வு எவ்வளவு தாழ்கிறது என்பதையும் அது மதிப்பிடுகிறது. இவ்வாறு கணக்கிட்டால் ஆண்டு இழப்பு 52,000 கோடி டாலருக்குச் சமம். சொத்து இழப்பைவிட இது 60 சதவீதம் அதிகம். மிக ஏழைகளான 20 சதவீதத்தினருக்குச் சொத்து இழப்பில் 11 சதவீதமே பங்கு. வாழ்வின் இழப்பிலோ 47 சதவீதம்!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வெள்ளத்தடுப்புக் கரையை எங்கே கட்டுவது? சொத்து மதிப்பை மட்டும் பார்த்தால் மாளிகைகள் உள்ள பக்கமே கரை எழும். விரைவான நிவாரணம், சேமிப்பு வசதி, காப்பீடு ஆகியவையும் இழப்பைக் குறைக்கும் என்று காட்டியதே இவ்வறிக்கையின் சிறப்பு.

ஆனால் குறைகளும் உண்டு. உயிரிழப்பும் மனவேதனையும் இக்கணக்கில் சேரவில்லை. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-இல் பைலின் புயலுக்கு முன் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. இந்த மாபெரும் வெற்றியை இவ்வறிக்கையின் அளவுகோலால் அளக்க முடியாது. நாட்டுச் சராசரிகளும் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு: கருவி காட்டும் அளவை மட்டுமல்ல, அது எதை அளக்கவில்லை என்பதையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை சேத மதிப்பைப் படிக்கும்போது நீங்களும் அவ்வாறே கேளுங்கள்.