தமிழ் மரவங்கியும் வினைத்தொகுதியும்: ஒரு மதிப்பீடு

தொடரில் எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் கிளைகளாக வரைந்து காட்டும் கணினித் தரவகமே மரவங்கி. செக் குடியரசின் பிராக் நகரிலுள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமி, ஸ்டெனெக் ஜபோகர்ட்ஸ்கி ஆகியோர் தமிழுக்கு ஒரு மரவங்கி அமைத்தனர். அதைப் பற்றிய அவர்களது கட்டுரை 2012இல் வெளிவந்தது. தினமணி இணையதளச் செய்திகளிலிருந்து எடுத்த 600 தொடர்கள் அதில் உள்ளன.

சிறப்பு

செக் மொழியில் துணைவினை முதல்வினையை விட்டு விலகி நிற்கலாம். இடையில் வேறு சொற்களும் வரலாம். எனவே சிதறிக் கிடக்கும் உறுப்புகளைச் சேர்ப்பதே அங்கே கணினியின் வேலை. தமிழில் நிலைமை நேரெதிர். 'சுற்றிக்கொண்டிருந்தாள்' என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம். கணினி அதைச் சுற்றி, கொண்டு, இருந்தாள் எனப் பிரித்தறிய வேண்டும். செக் மொழிக்கு வகுத்த முறையை அப்படியே சுமத்தாமல், ஒட்டி நிற்கும் துணைவினைகளையும் உம், தான் போன்ற இடைச்சொற்களையும் பிரித்துக் காட்டியது இம்மரவங்கியின் பெருஞ்சிறப்பு.

குறை

செய்தி நடையில் மனநிலை காட்டும் துணைவினைகள் குறைவாகவே வரும். 'பட்டாசு வெடித்தது' என்று செய்தி முடிந்துவிடும். சிவகாசிப் பேச்சில் அதுவே 'வெடிச்சிருச்சு', 'வெடிச்சுப் போச்சு', 'வெடிச்சுத் தொலைச்சிருச்சு' என்றெல்லாம் வரும். நடந்தது ஒன்றே, சொல்பவரின் மனநிலை வேறு. அந்த வேறுபாட்டைச் சுமப்பது துணைவினையே. பின்னர் வந்த மற்றொரு மரவங்கியில் 534 தொடர்கள் உள்ளன. அவையும் தாமஸ் லேமன் எழுதிய இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளே.

இதனால் என்ன நட்டம்? 'மருந்து கலந்து வச்சிருக்கு' என்றால் கலவை ஆயத்தமாக இருக்கிறது என்று பொருள். 'மருந்து கலந்துக்கிட்டு இருக்காங்க' என்றால் வேலை இன்னும் முடியவில்லை. பட்டாசு ஆலையில் இந்த வேறுபாடு உயிர் காக்கும் செய்தி. பேச்சைக் கேட்டு எழுதும் கணினியோ, பாதுகாப்பு அறிவுரையை வேறு மொழிக்கு மாற்றும் கணினியோ இதைத் தவறாகப் பிரித்தால், அது வெறும் இலக்கணப் பிழையாக நிற்காது.

மதிப்பீடு

முன்மாதிரி என்ற அளவில் பிராக் மரவங்கி பாராட்டத்தக்கது. தமிழ் வினையின் முழு இயல்பையும் அதிலிருந்து வருவிக்க முயல்வதுதான் தவறு. அடுத்துத் தேவைப்படுவது பேச்சுத் தரவகம். கணித்தமிழில் ஆர்வமுள்ள விருதுநகர் மாவட்ட மாணவர்கள், பேசுவோரின் இசைவு பெற்று, திரி சுற்றுவோரும் தாள் ஒட்டுவோரும் பேசும் தொடர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் முதல்வினை எது, துணைவினை எது என்று குறித்து வைக்கலாம். பள்ளி இலக்கணமே அதற்குப் போதும்.