அந்த 90 டிகிரி யாருடையது?

அக்கா மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கம்பி போடணும் என்று போனார்கள். பிளாஸ்டர் மாதிரி, புகைப்படங்கள், எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி, பக்கவாட்டில் எடுத்த தலை எக்ஸ்ரே, கடைசியில் ஒரு கணினித் தாள். அதில் கீழ் முன்பல்லின் சாய்வு 101 டிகிரி. இருக்க வேண்டியது 90. எனவே நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்கணுமாம். அவள் கேட்டாள்: “மாமா, அந்த 90 யாரோட பல்லு?”

சரியான கேள்வி. தலை எக்ஸ்ரேயை எப்போதும் ஒரே நிலையில் எடுக்கும் முறையை 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டார்கள். 1948இல் டௌன்ஸ் அதில் ‘இயல்பு’ அளவுகளைத் தந்தார். அவர் அளந்தது நல்ல பல்வரிசை கொண்ட 20 வெள்ளையினப் பிள்ளைகளை. நம்ம 90 வருவது ட்வீடின் முக்கோணத்திலிருந்து. அரிசோனாவில் மருத்துவம் பார்த்த அவர், தன் கண்ணுக்கு நல்ல முகமாகப் பட்டவர்களை அளந்து கண்ட எண் அது. நம்மூர் முகங்களில் முன்பல் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருப்பது சாதாரணம். கணினி அதைச் சொல்லாது. 11 டிகிரி ‘அதிகம்’ என்று மட்டும் சொல்லும்.

அப்போ எக்ஸ்ரே வீணா? இல்லை. முளைக்காத பல், வேரின் நிலை இதையெல்லாம் எக்ஸ்ரே இல்லாமல் பார்க்க முடியாது. தாடை எலும்பே முன்பின்னாக இருந்தால் தலை எக்ஸ்ரே அவசியம். 1991இல் ஹானும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பல் மாதிரியை மட்டும் பார்த்து எடுத்த முடிவே 55% பேருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் இந்த எண்ணையும் அப்படியே விழுங்கக் கூடாது. எல்லா ஆவணங்களையும் பார்த்து அதே மருத்துவர்கள் எடுத்த முடிவுதான் அங்கே அளவுகோல். இரண்டும் ஒத்துப்போனது என்றுதான் அர்த்தம். இரண்டுமே சரி என்று இல்லை.

என் குறை ஆவணங்கள் மேல் இல்லை. அளவு எடுப்பது வேறு, தீர்ப்பு சொல்வது வேறு. அந்தத் தாள் இரண்டையும் ஒரே வரியில் அச்சடித்துவிடுகிறது. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது. அதனால் பல்லை எடுக்கச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: இந்த எண்ணை யாரோடு ஒப்பிட்டீர்கள்? எண்ணை விட்டுவிட்டு உதட்டையும் முகத்தையும் பார்த்தாலும் இதே முடிவுதானா?

அக்கா மகளின் பற்கள் இன்னும் வாயில்தான் இருக்கின்றன. இந்தக் கேள்விகளோடு அடுத்த வாரம் இன்னொரு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அவரும் எடுக்கணும் என்று காரணத்தோடு சொன்னால், எடுத்துவிடுவோம்.