யார் பெயர் நிற்கிறது?

திருக்கழுக்குன்றம் மலையிலுள்ள ஒருகல் மண்டபம் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவக் குடைவரை. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் இங்கே வந்து தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போனார்கள். இன்று அது வரலாற்று ஆவணம். அதே கல்லில் காதலி பேரைக் கீறுகிற செங்கல்பட்டுப் பையனோ 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளி.

பழசானால் கிறுக்கலும் ஆவணம்தானே என்பார்கள். எகிப்தின் அபு சிம்பலில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கூலிப்படையினர் ராம்சேஸ் சிலையின் காலில் கீறியதும் அப்படித்தான் கல்வெட்டானது.

வாஸ்தவம். ஆனால் பழமை மட்டும் போதுமா? மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலான கல்தச்சர்களின் பெயர்கள் இருக்கின்றன. டச்சுக் கையெழுத்தைவிட அவை பல நூற்றாண்டு மூத்தவை. சுற்றுலாப் பேருந்துகள் அவற்றைத் தாண்டித்தான் ஓடுகின்றன. கடற்கரைக்குப் போனால், அங்கே எல்லாம் ‘மன்னன் கட்டியது’. பார்க்க வந்தவன் பேரு நிக்குது, கட்டின மன்னன் பேரு நிக்குது. உளி பிடிச்சவன் பேரை யார் வாசிப்பது?