நன்றி யாருடையது? தமிழ் இலக்கியத்தில் நாயும் தென்மராட்சி இடப்பெயர்வும்

தமிழ் இலக்கியத்தில் நாய் இடம்பெறாத காலம் இல்லை. வேட்டைத் துணையாகவும் ஊர்க்காவலாகவும் உவமையாகவும் அது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக எம் எழுத்தினூடே நடந்து வந்துள்ளது. எனினும் அவ்விடங்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். நாய் மனிதனுக்குச் செய்வது யாது என்பதையே எம் புலவர் பெரிதும் பாடினர். மனிதன் நாய்க்குச் செய்யக் கடமைப்பட்டது யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. இக்கட்டுரை அவ்வினாவைத் தென்மராட்சியின், சிறப்பாகச் சாவகச்சேரியின், அண்மைக்கால வரலாற்றின் முன்னிலையில் வைத்து ஆராய முற்படுகின்றது. 1995ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகள், ஏட்டளவில் நின்ற அவ்வினாவை வீட்டுப் படலை வரை கொணர்ந்து நிறுத்தின.

முதலில் பழைய இலக்கியத்தை நோக்குவோம். தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, நாயின் இளமையைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு சேர்த்துக் ‘குருளை’ என்கிறது. வெருகாகிய பூனையின் இளமையை எலியோடும் அணிலோடும் சேர்த்துக் ‘குட்டி’ என்கிறது. பெயரிடுமளவிற்கு உற்று நோக்கிய சமூகம் அது என்பதில் ஐயமில்லை. சங்கப் பாடல்களிலும் இவ்வுற்றுநோக்கு உண்டு. அகநானூற்றில் பரணர் பாடிய ஒரு பாட்டில் (122), இரவுக்குறிக்கு இடையூறாவன ஒவ்வொன்றாக அடுக்கப்படுகின்றன: துயிலாத ஊர், துயிலாத அன்னை, காவலர், குரைக்கும் நாய், நிலவு, கூகை, சேவல். குறுந்தொகையில் ஒரு தலைவி (107), தன்னைத் துயிலெழுப்பிய சேவலை, நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் பூனைக்குட்டிக்கு இரையாகுமாறு சபிக்கிறாள். இரு பாடல்களிலும் விலங்கு உயிரோட்டத்துடன் நிற்கிறது. ஆயினும் அது தலைவன் தலைவியரின் உணர்ச்சிக்குப் பின்புலமாக நிற்கிறதேயன்றித் தனக்கென ஓர் இன்பதுன்பம் உடையதாகக் காட்டப்படவில்லை. அகத்திணை மரபின் இயல்பு அது. அதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது.

அறநூற் காலத்தில் நிலைமை மாறுகிறது. நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரத்திலே யானையும் நாயும் ஒப்பிடப்படுகின்றன. பலகாலம் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். எறிந்த வேல் தன் உடலிற் பாய்ந்து நிற்கையிலும் நாய் வாலைக் குழைக்கும். ஆதலால் நாய் போன்றாரின் நட்பையே கொள்ளல் வேண்டும் என்பது புலவர் முடிபு. நாயின் பண்பைத் தமிழில் இத்துணை உயர்த்திய பாட்டு வேறில்லை எனலாம். ஆனால் திறனாய்வு நோக்கில் ஒரு வினா எழுகின்றது. அந்த வேலை எறிந்தவன் யார்? வாலைக் குழைப்பது தன்னை வளர்த்தவனைக் கண்டேயெனின், வேலெறிந்தவனும் அவனே. வளர்த்தவன் வேலெறிந்தான் என்பதைப் பாட்டு இயல்பான செய்தியாகக் கொண்டு, நாயின் நன்றியைப் புகழ்ந்து அமைகின்றது. நன்றியை ஒரு பக்கத்தில் மட்டுமே எதிர்பார்க்கும் இம்மனப்பாங்கு பின்வந்த நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது.

பத்தி இலக்கியத்தில் நாய் இன்னும் கீழிறங்கியது. இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக் கொள்ளும் அடியவன், நாயினும் கடைப்பட்டவனாகத் தன்னைச் சொல்லிக் கொள்வது மணிவாசகரிடத்து மீண்டும் மீண்டும் வரும் உணர்வு. அங்கு பேசப்படுவது ஆன்மாவின் நிலையே எனினும், அவ்வுவமை மக்கள் வழக்கில் ஊறி, நாயைத் தாழ்வின் அளவுகோலாக நிலைநாட்டிற்று. யாழ்ப்பாணத்திலோ இதற்கு ஒரு முரணும் உண்டு. மரத்தடிச் சூலமாகவேனும் வைரவர் இல்லாத குறிச்சியைக் குடாநாட்டிற் காண்டல் அரிது. அவ்வைரவரின் வாகனம் நாய். கருவறையில் அது வாகனம். கோயில் வீதியிலே கல்லெறிந்து துரத்தப்படுவது. வழிபாட்டிற்குரிய குறியீடாக ஏற்கப்பட்ட உயிர், உயிராக ஏற்கப்படவில்லை.

இம்மனப்பாங்கின் சமூக அடித்தளத்தை எமது பேச்சுவழக்கே காட்டும். உடையவனின்றித் திரியும் நாயை நாம் ‘கட்டாக்காலி’ என்கிறோம். காலி என்பது கால்நடை. கட்டாக்காலி கட்டப்படாத கால்நடை. மாட்டுக்கு வழங்கிய சொல் நாய்க்கும் ஆயிற்று. இச்சொல்லில் நாயின் குணமோ துயரோ இல்லை. அது எவருக்கு உரியது என்ற ஒன்றே உண்டு. யாழ்ப்பாணத்து வாழ்க்கை வேலிக்குள் அமைந்த வாழ்க்கை. கதியாலும் கிடுகும் சூழ்ந்த வளவின் எல்லையைக் காப்பதே நாய்க்கு விதிக்கப்பட்ட தொழில். வேலிப் பொட்டினூடே அது வெளியே போய் வரலாம். ஆயினும் அதன் மதிப்பு வேலிக்கு உள்ளேயே உண்டு. உடைமையும் சாதியும் வகுத்த எல்லையைக் காத்த விலங்கு, அவ்வெல்லையின் ஏற்றத்தாழ்வையும் தன்மீது சுமந்தது. மாரி செல்வராஜ் இயக்கி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படம் இதனைத் தமிழகப் பின்னணியில் கூர்மையாக உணர்த்திற்று. அங்கு கருப்பி என்னும் வேட்டை நாய் தண்டவாளத்திற் கட்டப்பட்டுக் கொல்லப்படுவது அதன் உடையவரின் சாதி காரணமாகவே. ஒடுக்கப்பட்டோரின் நாயும் ஒடுக்கப்பட்டதே என்பதை அப்படைப்பு வெறும் குறியீடாகச் சொல்லாமல், ஓர் உயிரின் சாவாகவே காட்டிற்று. அதுவே அதன் வெற்றி.

இவ்வளவையும் கொண்டு, தமிழ் மரபிற் பிற உயிர்பால் கடமையுணர்வே இல்லை என்று முடிவு செய்தல் தவறாகும். எம்மவர் சீவகாருண்ணியத்தைப் பெரும்பாலும் கொல்லாமை, ஊனுண்ணாமை என்ற விலக்குகளாகவே விளங்கிக் கொண்டனர். ஆனால் வள்ளுவர், கொல்லாமை அதிகாரத்திலேயே, உள்ளதைப் பகிர்ந்துண்டு உயிர்கள் பலவற்றையும் பேணுதலை நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயதாக வைக்கிறார். கொல்லாதிருத்தல் ஒன்று, பேணுதல் வேறொன்று. இரண்டாவதற்குச் செயல் வேண்டும், உணவு வேண்டும், சில வேளை துணிவும் வேண்டும். அத்துணிவிற்கு மணிமேகலையின் ஆபுத்திரன் சான்று. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை இரவிலே மீட்டுச் சென்று, அதன்பொருட்டு அடியுண்டு ஊரைவிட்டு விலக்கப்பட்டவன் அவன். பிச்சைப் பாத்திரத்திற் கல்லிடப் பெற்றவன். விலங்கொன்றை மீட்பவன் சமூகத்தின் ஏளனத்தை ஏற்க வேண்டியவனாகிறான் என்பதைச் சாத்தனார் அன்றே உணர்ந்திருந்தார். ஆயினும் அங்கே மீட்கப்பட்டது பசு. நாய்க்கோ பூனைக்கோ ஓர் ஆபுத்திரன் எம் காப்பியங்களில் தோன்றவில்லை.

இனித் தென்மராட்சிக்கு வருவோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஒலிபெருக்கி அறிவித்தலைத் தொடர்ந்து, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழி வழியாகவும் கோப்பாய் கைதடி வழியாகவும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோயில்களும் வீடுகளும் அகதிகளால் நிறைந்தன. அன்று புகலிடமாய் இருந்த அதே ஊர் ஐந்தாண்டுகளின் பின் தானே அகதியானது. 2000 ஏப்பிரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததையடுத்து, மே மாதத்திலே போர் தென்மராட்சிக்குட் பரவிற்று. செப்ரெம்பர் வரை நீடித்த சமரிற் சாவகச்சேரி நகர் பெரிதும் அழிந்தது. மக்கள் வடமராட்சிக்கும் வலிகாமத்திற்கும் சென்றனர். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரே பலருக்குத் திரும்புதல் இயன்றது.

சைக்கிளிற் கட்டிய பொதியுடனும் கைக்குழந்தையுடனும் நெரிசலிற் சென்றோர், வளர்த்த நாயையும் பூனையையும் கொண்டு செல்வது எங்ஙனம்? மாட்டை அவிழ்த்துவிட்டனர், ஆட்டைச் சிலர் இழுத்துச் சென்றனர். நாய் ஆளைத் தொடர்வது. கூட்டத்திலே ஆளைத் தவறவிட்டால் அதற்கு வழியில்லை. பூனை இடத்தைப் பற்றுவது; தூக்கிச் சென்றாலும் பழைய வீட்டையே தேடும். இவ்வாறு உடையவன் நீங்கிய கணத்திலேயே வீட்டுநாய் கட்டாக்காலி ஆயிற்று. நாய் மாறவில்லை; அதன் பெயர் மாறிற்று. அவ்விரவில் வீட்டை இழந்த மனிதனுக்கும் அதுவே நேர்ந்தது. நேற்றுவரை வளவுக்காரன், இன்று அகதி. மனிதனும் நாயும் ஒரே விதிக்கு உள்ளான இவ்விடத்தை எமது இடப்பெயர்வு இலக்கியம் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பதே என் மதிப்பீடு. வீடும் கிணறும் பனையும் முற்றத்து மாமரமும் இழப்பின் அடையாளங்களாக எமது கவிதையில் நிலைபெற்றன. அவை மனிதன் இழந்த பொருள்கள். விட்டுச் செல்லப்பட்ட நாயோ மனிதன் இழந்த ஒன்று மட்டுமன்று. மனிதனை இழந்த ஓர் உயிருமாகும். அதனைப் பாட வேண்டுமாயின், துன்புற்றவனாகிய நாமே இன்னோர் உயிரைத் துன்பத்தில் விட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தயக்கமே எம் எழுத்தாளரைத் தடுத்தது போலும்.

இஃது எமக்கு மட்டும் உரிய குறையன்று. 1939 செப்ரெம்பரில் உலகப்போர் தொடங்கிய முதல் வாரத்திலே இலண்டன் மாநகரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் நாய்களும் பூனைகளும் வளர்த்தோராலேயே கொல்லுவிக்கப்பட்டன என வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதியுள்ளார். குண்டு ஒன்றேனும் விழுமுன் நிகழ்ந்த செயல் அது. நெடுங்காலம் பேசப்படாதிருந்த அதனை அவர் 2017இல் நூலாக்கினார். பேசாமை என்பது குற்றவுணர்வின் இன்னொரு வடிவம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நீங்குதலுக்கும் திரும்புதலுக்கும் உலக இலக்கியம் இரு நாய்களைத் தந்துள்ளது. மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவத்திலே, உடன் வந்தோர் யாவரும் வீழ்ந்தபின் தருமனைத் தொடர்ந்து செல்வது ஒரு நாய் மட்டுமே. தேருடன் வந்த இந்திரன், சுவர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான். தன்னை நம்பிய உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டேன் எனத் தருமன் மறுக்கிறான். நாயின் நன்றியை விடுத்து மனிதனின் நன்றியைச் சோதித்த கதை இதுவே. தமிழரிடையே பெருவழக்காயுள்ள வில்லிபாரதம் பத்துப் பருவங்களுடன் நின்றுவிடுவதால் இந்நாய் அதில் இடம்பெறவில்லை. பதினெட்டுப் பருவங்களையும் பாடிய நல்லாப்பிள்ளை பாரதமோ அத்துணைப் பரவல் பெறவில்லை. மற்றது ஹோமரின் ஒடிசியில் வரும் ஆர்கோஸ். இருபது ஆண்டுகளின் பின் மாறுவேடத்தில் திரும்பிய ஒடிசியசை, குப்பைமேட்டிற் கிடந்த அக்கிழநாய் இனங்கண்டு, வாலசைத்து, உயிர் துறக்கிறது. தன்னை வெளிப்படுத்த இயலாத தலைவன் கண்ணீரை மறைக்கிறான். அம்மறைத்த கண்ணீரே 2002இற்குப் பின் திரும்பியோரின் கதைகளுக்குரிய பொருள்.

ஈழத்துக் கவிதையில் இதற்கான வழி முன்னரே திறக்கப்பட்டுள்ளது. மகாகவி உருத்திரமூர்த்தியின் ‘புள்ளி அளவில் ஒரு பூச்சி’ இங்கு நினைக்கத்தக்கது. நூலொன்றைப் படித்துக் கொண்டிருப்பவன், ஏட்டிலே தவறி விழுந்த காற்புள்ளி எனக் கருதித் தட்டிய பின்னரே, அஃது ஓர் உயிர் என அறிந்து வருந்துகிறான். பாரதி பாப்பாவுக்கு நாயைத் தோழனாக அறிமுகம் செய்தான். மகாகவி அதற்கும் அப்பாற் சென்று, மனிதன் தன் கையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கற்பித்தார். அறியாமற் கொன்ற பூச்சிக்கு ஒரு கவிதை உண்டாயின், அறிந்தே விட்டுவந்த நாய்க்கும் ஒன்று உண்டாதல் வேண்டும்.

மனிதர் மடிந்த இடத்தில் நாயைப் பற்றிப் பேசுவதா என வினவுவோர் உளர். அவ்வினா மதிக்கத்தக்கது. ஆயினும் இரக்கம் ஒருவர்க்கு அளித்தால் மற்றவர்க்குக் குறையும் பண்டமன்று. விசர்நாய்க்கடி பற்றிய அச்சமும் பொய்யன்று. அவ்வச்சத்தாலேயே 1893ஆம் ஆண்டு முதல் இலங்கையில் அதற்கெனச் சட்டம் உண்டு. மிருகவதையைத் தடுக்க 1907இல் இயற்றப்பட்ட சட்டமோ உச்சத் தண்டப்பணத்தை 100 ரூபாவாக வரையறுத்தது. ஓர் உயிரின் துன்பத்திற்குச் சமூகம் இட்ட விலை அது. 2006இலிருந்து நாய்களைக் கொல்லுதல் அரச கொள்கையாக இல்லை; தடுப்பூசியும் கருத்தடையுமே வழியென ஏற்கப்பட்டது. நோயைத் தடுப்பதும் நாயைப் பேணுவதும் ஒரே செயல் என்பதை மருத்துவம் காட்டிவிட்டது.

இலக்கியம் இன்னும் காட்டவேண்டியது, நன்றி என்னும் சொல்லின் மறுபக்கத்தை. நாய் நன்றியுள்ளது என்று சொல்லும்போதெல்லாம் நாம் அதற்குக் கடன்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கடனைத் தீர்ப்பது பற்றியோ பேசாதிருக்கிறோம். சாவகச்சேரியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் படலையடியில் நின்றுவிட்ட நாய்களைப் பற்றி, அவற்றை விட்டுச் சென்றோரின் நினைவுகள் மறையுமுன், எமது இளைய எழுத்தாளர் எழுதுதல் வேண்டும். அவ்வெழுத்து, பகிர்ந்துண்டு பேணுதல் என வள்ளுவர் வகுத்த அறத்திற்கு எம் காலத்து உரையாக அமையும்.